பசங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

நாலு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நம்ம பசங்களுக்காக என்று அதில் அறிவித்தது, 'இளைஞர் மேம்பாட்டுக்கான ஐந்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம்'. மேடையில் ஏழு நாற்காலி, ஏழிலும் நரை. (என் தலையும் அப்படித்தான், அது வேறு விஷயம்.) நம்ம பசங்க எங்கே என்று தேடினீர்களா? இரண்டாவது படத்தில் ஓரமாக டீத் தட்டைப் பிடித்தபடி ஒரு கை தெரியும். இளைஞர் பங்கேற்பு அதுதான்.

யாருக்காக ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போடுகிறீர்களோ, அவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கேட்டிருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குப் பயிற்சி என்று அச்சடித்திருக்க மாட்டீர்கள். காரைக்குடியில் ஜவுளிக்கடையில் நிற்கிறவன் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வர ராத்திரி ஒன்பதரை ஆகும். ஆத்தங்குடிக் கல் போடுகிறவன், நாளெல்லாம் கண்ணாடியில் சாயம் ஊற்றிவிட்டு, குளித்தும் போகாத சிவப்போடு வந்து உட்காருவான்; ராத்திரியில் நான் திறந்து வைக்கும் எங்கள் இளைஞர் மன்றத்துக் கேரம் போர்டில் வெள்ளைக் காய் எல்லாம் இப்போது ரோஸ் கலர். சமையல் மாஸ்டரோடு போகிறவர்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் ஓய்வு. நீங்கள் முகாம் வைத்திருப்பது தை, மாசியில். தையில் முகூர்த்தம், அப்புறம் மாசி பங்குனி என்றால் முத்துமாரியம்மன் திருவிழா. யார் வருவான்?

சென்னையிலிருந்து வந்தவர் திரையில் வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் காட்டினார். அச்சுறுத்தல் கட்டத்தில் செல்போன் இருந்தது. வேலையில்லாதது எந்தக் கட்டத்திலும் இல்லை.

திட்டம் எழுதாவிட்டால் நிதி வராது என்பீர்கள். சரி, எழுதுங்கள், கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் திட்டத்துக்கே எதிரி இல்லை. குன்றக்குடியில் அடிகளார், சிக்ரி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) விஞ்ஞானிகளையே ஊருக்குள் கூட்டிவந்து கிராமத் திட்டம் போட்டவர், அந்த மண்ணில்தான் நானும் இருக்கிறேன்.

பசங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1917-இல் இதே காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தொடங்கியபோது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான தமிழறிஞர் ராய. சொக்கலிங்கத்துக்கு இருபது வயது ஆகவில்லை. இரண்டு வருஷத்தில் பாரதி வந்து அந்தச் சங்கத்தை வாழ்த்திப் பாடினார். 1927-இல் சிராவயல் ஆசிரமத்துக்குக் காந்தி வந்தாரே, அதை நடத்திய, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவுக்கு அப்போது வயது இருபது. இவர்களுக்கெல்லாம் யார் நாலு கட்டம் போட்டுக் கொடுத்தது? இன்றைக்கும் பால்குடம் எடுக்கிறவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுவது யார்? ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு நோட்டு, வேறு ஒன்றும் கிடையாது.

அடுத்து என்ன வரும் என்று தெரியும். 'மேடையில இடம் கிடைக்கல, அந்த வயித்தெரிச்சல்.' அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 11 வருஷமாகத் தினமும் ராத்திரி அந்த மன்றத்தைத் திறந்து, பெருக்கி, கரண்ட் பில் கட்டுகிறவனுக்கு அழைப்பு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் தோளில் கை போட்டு, 'நீங்க ஆர்வத்துல ஏதோ செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, இனிமே முறைப்படி நடக்கட்டும்' என்றார். ஏதோ. எங்கள் மன்றத்தில் படித்துவிட்டு சிங்கப்பூர் போனவன் தன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய மின்விசிறிதான் இன்னமும் அங்கே சுற்றுகிறது. அதுவும் ஏதோதான் போல. எழுதும்போதே கை நடுங்குகிறது, விடுங்கள்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு, படத்தில் கை மட்டும் தெரிந்த அந்தப் பையன் மன்றத்துக்கு வந்தான். 'அண்ணே, உங்க வரிசைக்கு வர்றதுக்குள்ள டீ தீந்துபோச்சு' என்று சொல்லி, மிச்சமிருந்த வெள்ளைப் பணியாரம் நாலை எடுத்து வைத்தான். மடித்திருந்த தாளைப் பிரித்தால் அதே திட்டம், 14-ஆம் பக்கம். எண்ணெய் ஊறி எழுத்துத் தெரியவில்லை.