பெல்ட் விற்கிறவனுக்கு என் பேன்ட் சைஸ் எதுக்கு?

பளு தூக்கும் பெல்ட் விற்கும் புண்ணியவான்களே, உங்கள் சைஸ் சார்ட்டை நீங்களாவது ஒரு தடவை படித்துப் பார்த்தீர்களா? மீடியம் 30 முதல் 34, லார்ஜ் 34 முதல் 38. சரி, 34 இன்ச்காரன் எதில் சேருவான்? அதை விடுங்கள். அந்த 34 எதனுடைய அளவு? பேன்ட்டா, வயிறா? அதற்குச் சார்ட்டில் பதிலே இல்லை.

பேன்ட் நிற்பது இடுப்பெலும்பில். நம்மில் பாதிப் பேர் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறோம். இந்தப் பெல்ட் உட்காருவதோ தொப்புளைச் சுற்றி. இரண்டுக்கும் மூன்று நான்கு இன்ச் வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். போதாக்குறைக்கு, 34 என்று அச்சடித்த ஜீன்ஸை டேப் வைத்து அளந்தால் 36 காட்டும். ஆளைக் குஷிப்படுத்தத் துணிக்கடைக்காரன் சொல்கிற பொய் அது. அந்தப் பொய்யை நம்பி 10 மில்லிமீட்டர் தடிமன் தோலை நான் வாங்க வேண்டுமாம்!

சார்ட்டில் போட்டபடியே லார்ஜ் வாங்கினேன். கடைசி ஓட்டைக்கு முந்தைய ஓட்டையிலேயே மூச்சு முட்டுகிறது, கடைசி ஓட்டையில் தொளதொளவென்று கிடக்கிறது. மூச்சை அடிவயிறு வரை இழுத்து நிறுத்தி, வயிற்றைச் சுற்றிலும் பெல்ட்டின் மேல் தள்ளினால்தான் உள்ளே அழுத்தம் ஏறி முதுகுத்தண்டு அசையாமல் நிற்கும். தள்ளுவதற்குச் சுவரே இல்லையென்றால் அது பெல்ட் இல்லை, அரைஞாண். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் முதல் கேள்வி, "சார், உங்க பேன்ட் சைஸ் என்ன?" வயிற்றெரிச்சலா இல்லையா? ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். கட்டாமல் எப்படி ஐயா தெரியும்?

நடுவில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று செருப்புத் தைக்கும் அண்ணனிடம் போனால், அவர் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இது இரட்டை முள் பக்கிள். இரண்டு ஓட்டையும் ஒரே கோட்டில் விழ வேண்டும், ஒரு மயிரிழை தப்பினாலும் முள் ஏறாது. முள்ளுக்குப் பதில் நெம்புகோல் போட்டுப் பூட்டும் லீவர் பெல்ட் வாங்கியிருக்கலாமே என்று ஜிம்மில் ஆளாளுக்கு உபதேசம். சாப்பாட்டுக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு என்று இருக்கிற வயிற்றுக்கு, ஒவ்வொரு தடவையும் லீவரைக் கழற்றி இடம் மாற்றி மாட்ட ஸ்க்ரூட்ரைவரோடு உட்கார யாருக்குப் பொறுமை?

அகலத்திலும் இதே அநியாயம்தான். சர்வதேச பவர்லிஃப்டிங் விதியில் 10 சென்டிமீட்டர் அகலம் என்பது உச்ச வரம்பு. அதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இவர்களோ அதுதான் கட்டாயம் என்பது போல எல்லார் தலையிலும் கட்டுகிறார்கள். உடம்பு குட்டையான பெண்கள் அதைக் கட்டி, தரையிலிருந்து பளுவைத் தூக்கும் டெட்லிஃப்டுக்குக் குனிந்தால் மேலே விலா எலும்பில் குத்தும், கீழே இடுப்பில் குத்தும். ஏழரை சென்டிமீட்டர் பெல்ட் கேட்டால், அது சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஓர் இளக்காரச் சிரிப்பு வேறு.

நான் கேட்பது இரண்டே எண்கள். பக்கிளிலிருந்து முதல் ஓட்டைக்கு எத்தனை சென்டிமீட்டர், கடைசி ஓட்டைக்கு எத்தனை. அதைப் போடுங்கள். ஸ்மால், மீடியம் எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள். என் வயிறு நடு ஓட்டையில் வருகிறதா என்று டேப் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன்.