நீச்சலை ரத்து செய்தது சரிதான்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டிதான் டிரையத்லான். கடலோர டிரையத்லானில் நீச்சலை ரத்து செய்தால் ஏற்பாட்டாளர்களைத் திட்டித் தீர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. போன வார இறுதியில் நான் கலந்துகொண்ட போட்டியிலும் அதுதான் நடந்தது. ஞாயிறு விடியற்காலையில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சைக்கிளுக்குக் காற்றடித்து, வெட்சூட் எனும் ரப்பர் நீச்சல் உடையை இடுப்புவரை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இன்று நீச்சல் இல்லை, ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று டுயத்லானாக நடக்கும். அந்த நிமிடம் தொடங்கிய கோபம் இன்னும் அடங்கவில்லை. இணையக் குழுக்களில் வருகிற பதிவுகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் அந்தக் கோபத்தின் பக்கம் இல்லை. எடுத்த முடிவு சரி என்பது மட்டுமல்ல, அதை எடுத்தவர்களுக்கு நம்மைப் போன்ற அமெச்சூர் போட்டியாளர்கள் வெளிப்படையாகத் துணை நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் விடிவதற்கு முன் எழுந்து பயிற்சி செய்துவிட்டு வருகிறோம். நீச்சலில் வலுவானவர்கள் தங்கள் ஒரே அனுகூலத்தை இழக்கிறார்கள். நன்றாக ஓடுபவர்களுக்கு அது லாபமாகப் போகிறது. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுகிற இடமான டிரான்சிஷனில் எனக்குப் பக்கத்தில் சைக்கிளை மாட்டியிருந்த பெண்ணுக்கு அதுதான் முதல் ஸ்டாண்டர்டு தூரப் போட்டி: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். கடலில் அந்த ஒன்றரை கிலோமீட்டரை முடிப்பதற்காகவே வந்திருந்தார். அறிவிப்பைக் கேட்டு அழுதார். அந்த அழுகையில் எந்தத் தவறும் இல்லை. நானாக இருந்தாலும் அழுதிருப்பேன்.

ஆனால் அன்று கரையில் அதிகம் கேட்ட வாதம் வேறு. "எனக்கு நீந்தத் தெரியும், இந்த அலையெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை." சொன்னவர்களில் சிலர் உண்மையிலேயே நல்ல நீச்சல்காரர்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியிருந்தும் அந்த வாதம் இங்கே பொருந்தாது. போட்டியை நடத்தலாமா என்பது முதலில் வரும் ஆளை வைத்து எடுக்கிற முடிவு அல்ல. காவலுக்கு நிற்கும் சிறு துடுப்புப் படகான கயாக்கில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் கடைசி ஆளின் தொப்பி தெரிகிறதா, அவர் கை தூக்கினால் உடனே போய்ச் சேர முடியுமா, அதுதான் கேள்வி. தண்ணீரில் இருக்கும் மனிதனுக்கு வெளியே தெரிவது தலை மட்டும்தான். அலை அந்தத் தலையைவிட உயரமாக எழும்பும்போது, இரண்டு அலைகளுக்கு நடுவில் இருக்கும் ஆள் சில நொடிகளுக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. நூற்றுக்கணக்கான பேரைச் சில கயாக்குகளும் ஒன்றிரண்டு படகுகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சில நொடிகள் மிக நீண்டவை. கரையோரத்தில் அலை உடைகிற இடத்தில் கயாக்கே கவிழ்ந்துவிடும். அப்புறம் காப்பாற்றப் போனவரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

"நேற்று குளம் மாதிரி இருந்ததே" என்றும் சொன்னார்கள். இருந்ததுதான். சனிக்கிழமை பயிற்சி நீச்சலில் நானும் இறங்கினேன், மிதவைகள் வரை போய் வந்தேன், அத்தனை அமைதி. ஆனால் கடல் ஒரே இரவில் மாறும். நமக்கு மேலே காற்றே இல்லாத காலையில்கூட, வெகுதூரத்தில் அடித்த புயல் கிளப்பிய பெருஅலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கரைக்கு வந்து சேரும். ஆழ்கடலில் அவை நீண்டு தாழ்வாக இருக்கும், பார்த்தால் தெரியாது. ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் கூடி, கரையருகே வந்து உடையும். வானம் தெளிவாக இருக்கிறது, மரக்கிளைகூட அசையவில்லை என்பதெல்லாம் கடலைப் பற்றி எதையும் சொல்லாது. இப்படி வந்து குவியும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும்போதுதான் ரிப் கரண்ட், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், உண்டாகிறது. அலைகள் உடைந்து வெள்ளையாக நுரைக்கும் வரிசைக்கு நடுவே ஓர் இடம் மட்டும் இருண்டு, அலையில்லாமல், இறங்குவதற்கு ஏற்றது போலத் தெரியும். கரையை நோக்கி வரும் தண்ணீர் கடலுக்குள் திரும்புகிற இடம் அதுவாக இருக்கலாம். அதில் மாட்டினால் எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். ஆளுக்கு ஆள் நெருக்கியடித்துக்கொண்டு நீந்துகிற ஒரு போட்டியில் அதை எத்தனை பேர் நினைவில் வைத்துச் செய்வார்கள்?

டிரையத்லானில் ஆபத்தான பகுதி சைக்கிள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேகம், சைக்கிளின் கார்பன் ஃபிரேம், சாலை வளைவுகள் எல்லாம் அப்படித் தோன்ற வைக்கின்றன. 2017-இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, 1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான்களில் நடந்த மரணங்களையும் இதயம் நின்று மீட்கப்பட்டவர்களையும் சேர்த்து 135 நிகழ்வுகளைக் கணக்கெடுத்தது. அதில் 90 நீச்சலில் நடந்தவை. பெரும்பாலானவர்கள் ஆண்கள், வயது கூடக் கூட அபாயமும் கூடுகிறது. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இதயத்திலோ ரத்தக் குழாயிலோ முன்பே கோளாறு இருந்தது, அது வெளியே தெரியாமலே போட்டிக்கு வந்திருக்கிறார்கள். மொத்தத்தில் ஒரு லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவான நிகழ்வுகள்தான். யாரையும் பயமுறுத்தி வீட்டில் உட்கார வைக்க இதைச் சொல்லவில்லை. அரிதாக நடந்தாலும், நடக்கும்போது பெரும்பாலும் தண்ணீரில் நடக்கிறது. சாலையில் ஒருவர் சுருண்டு விழுந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள். தண்ணீரில் சத்தமே வராது.

ஏன் நீச்சலில் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. குளிர்ந்த தண்ணீர் உடலில் படும்போது மூச்சு முட்டுகிறது, இதயம் வேகமெடுக்கிறது. அதே நேரத்தில் முகம் நீருக்குள் மூழ்குவது இதயத்தை மெதுவாக்கச் சொல்லிக் கட்டளை அனுப்புகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். அதோடு போட்டிப் பதற்றம், இறுக்கமான வெட்சூட், காலை இழுப்பவர், மேலே ஏறுபவர். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து, இருமலும் இளைப்பும் வந்து, எச்சிலில் இளஞ்சிவப்பு நுரை தெரியும். அந்த அறிகுறி தெரிந்த அடுத்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும். இதையெல்லாம் சமாளிக்க ஒரே வழி, யாராவது சீக்கிரம் பார்த்துச் சீக்கிரம் கரை சேர்ப்பது. கொந்தளிக்கிற கடலில் இல்லாமல் போவது அந்த ஒன்றுதான்.

"அந்தக் காலத்து ஆட்கள் இப்படியா ரத்து செய்தார்கள்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் பதில் இருக்கிறது. நவீன டிரையத்லான் 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவில் சான் டியேகோவின் மிஷன் பேயில் தொடங்கியது. அயர்ன்மேன் எனும் நீண்ட தூர டிரையத்லான் ஹவாயில் 1978-இல் வந்தது. 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள், கோர்டன் ஹாலர் வென்றார். அடுத்த ஆண்டு, 1979-இல், வானிலையும் கடலும் மோசமாக இருந்ததால் சனிக்கிழமை நடக்க வேண்டிய அயர்ன்மேனை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். காத்திருந்து அடுத்த நாள் நீந்திய அந்தப் போட்டியில்தான் டாம் வாரன் வென்றார், லின் லமேர் அயர்ன்மேனை முடித்த முதல் பெண் ஆனார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு முழு மாரத்தான் என்று கிளம்பியவர்கள் கடலைப் பார்த்து ஒரு நாள் காத்திருந்தார்கள். அவர்களைவிட நாம் துணிச்சல்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். நீச்சல் முதலில் வைக்கப்படுவதற்குக் காரணமும் இதே அக்கறைதான். சைக்கிளும் ஓட்டமும் முடித்துக் களைத்தவர்களைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. நீச்சல் குளத்தில் மட்டுமே பயிற்சி செய்துவிட்டுக் கடல் போட்டிக்கு வருபவர்கள் அதிகம். குளத்தில் அடியில் கோடு இருக்கிறது, முடிவில் பிடிக்கச் சுவர் இருக்கிறது. கடலில் சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்காவிட்டால், நீரோட்டம் நம்மை எங்கோ கொண்டுபோய்விடும். உடைந்து வரும் அலையை மார்பில் வாங்கக் கூடாது, அதற்கு அடியில் முங்கிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் மூச்சு வாங்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது நம் கையில் இல்லை. இதையெல்லாம் போட்டி நாளில் கற்க முடியாது. சைக்கிளின் எடையைச் சில நூறு கிராம் குறைக்கச் செலவிடும் அக்கறையில் பாதியைக் கடலில் வழிகாட்டியோடு நீந்திப் பழகச் செலவிட்டால் போதும்.

இன்னொன்று, புதியவர்களில் பலருக்குத் தெரியாத விதி. நீச்சலின் நடுவில் மூச்சு வாங்கினால் மிதவையையோ கயாக்கையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாதவரை தகுதி நீக்கம் கிடையாது. உதவி வேண்டுமென்றால் கையை உயர்த்தி அசைக்க வேண்டும். சனிக்கிழமை பிரீஃபிங்கில், அதாவது போட்டி விளக்கக் கூட்டத்தில், இதைச் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் கைபேசியில் இருந்தார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பயத்தில் மூழ்கப் போகிறவர் தகுதி போய்விடுமோ என்று கயாக்கைப் பிடிக்காமல் விடுவது நடக்கவே கூடாது.

ஏற்பாட்டாளர்களிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. முடிவு சரி, சொன்ன விதம் போதாது. எந்த அளவுகோலை வைத்து ரத்து செய்தார்கள் என்று அன்று யாரும் விளக்கவில்லை. அலை உயரமா, நீரோட்டமா, கயாக்குகள் போதவில்லையா? வெட்சூட் விஷயத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. உலக டிரையத்லான் விதிப்படி 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் அமெச்சூர் வயதுப் பிரிவினர் வெட்சூட் அணியக் கூடாது. வெப்பமானியில் பார்க்கிறோம், ஏற்றுக்கொள்கிறோம், யாரும் சண்டை போடுவதில்லை. கடலின் நிலைக்கும் அப்படியொரு வெளிப்படையான அளவுகோலும், யார் எப்போது முடிவெடுப்பார் என்ற தகவலும் முன்கூட்டியே பங்கேற்பாளர் கையேட்டில் இருந்தால் பாதிக் கோபம் குறையும். தூரத்தை 750 மீட்டராகக் குறைக்கும் திட்டம், நேரத்தைத் தள்ளும் திட்டம், டுயத்லான் திட்டம் மூன்றும் சனிக்கிழமையே நம் கையில் இருக்க வேண்டும். நீச்சல் நடக்காத ஆண்டுக்கு அடுத்த ஆண்டுப் பதிவில் சலுகை கேட்பதும் நியாயமான கோரிக்கைதான். அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். "ஏன் எங்களைக் கடலில் இறக்கவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அடுத்த முறை ஒருவர் தயங்கித் தயங்கி "சரி, நடத்திவிடலாம்" என்று சொல்லிவிடக் கூடும்.

டுயத்லான் நன்றாகவே நடந்தது. பக்கத்தில் நின்று அழுத பெண்ணும் முடித்தார். அடுத்த பருவத்துக்கு வேறொரு கடலோரப் போட்டியில் பதிவு செய்யப் போகிறேன். பணம் கட்டுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன்: எத்தனை நீச்சல்காரர்களுக்கு எத்தனை கயாக், நீச்சலை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, கடல் ஒத்துழைக்காவிட்டால் என்ன திட்டம். தெளிவான பதில் வந்தால்தான் பணம் கட்டுவேன். நீங்களும் அனுப்புங்கள்.