பழைய குவார்ட்ஸ் மணிக்கூட்டைப் பிரிஜ்ஜில் வைக்காதீர்கள்

வெயிலால் பிந்தி ஓடும் பழைய குவார்ட்ஸ் மணிக்கூட்டை ஓர் இரவு பிரிஜ்ஜில் வைத்தால் நேரம் சரியாகிவிடும் என்று மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பிழை.

பெரும்பாலான குவார்ட்ஸ் கைமணிக்கூடுகளில் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரத்தைக் கணக்கிட உதவும் குவார்ட்ஸ் என்ற பளிங்குத் துண்டு இருக்கிறது. ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில்தான் அது ஆக வேகமாக அதிரும். சூடு கூடினாலும் பிந்தும், குளிர் கூடினாலும் பிந்தும். அந்த வேகத்தோடு ஒப்பிட்டால் 35 பாகையில் நாளுக்கு ஏறக்குறைய 0.3 செக்கன் பிந்தும். பிரிஜ்ஜின் 4 பாகையிலோ 1.3 செக்கன். வெளியே எடுத்ததும் எங்கள் வாவிக்கரைக் காற்றின் ஈரம் உள்ளே படிந்து மின்சுற்றை அரிக்கவும் கூடும். அப்பாவின் நினைவாக வைத்திருக்கும் மணிக்கூட்டுக்கு இதைச் செய்யலாமா?

1970களில் வந்த பல மணிக்கூடுகளில் டிரிம்மர் என்ற சிறு திருகு உண்டு. ஒரு கிழமை கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை செக்கன் வித்தியாசம் என்று எழுதித் திருத்துநரிடம் கொடுங்கள். அவர் அதை மயிரிழையளவு திருப்பினாலே வேகம் மாறும். நாளுக்கு நிமிடக்கணக்கில் பிந்தினால் வெயிலைக் குறைசொல்ல வேண்டாம். பற்றரியையும் உள்ளே காய்ந்த எண்ணெயையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.