பூச்சிப் பெட்டிகளைப் படிக்க ஆள் வேண்டும்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களுக்குப் பணம் ஒதுக்கும் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது: "செத்த பூச்சிகளை எதற்கு இன்னும் கட்டிக் காக்க வேண்டும்? எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தால் போதாதா?" போதாது. தேனீக்களை வைத்தே சொல்கிறேன்.

இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் தேனடை கட்டுபவை மிகச் சில. மற்றவை பெரும்பாலும் மண்ணிலோ தண்டுகளிலோ தனித்தனியாகக் கூடு அமைத்து வாழ்பவை. பலவற்றை வெறும் கண்ணால் பிரித்தறியவே முடியாது. இறக்கை நரம்புகள் எப்படி ஓடுகின்றன, முகத்தில் உள்ள நுண்குழிகள் எவ்வளவு நெருக்கம் என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆண் தேனீ என்றால், காய்ந்த உடலை ஈரப்பதத்தில் வைத்து இளக்கி, வயிற்றுக்குள் மறைந்திருக்கும் பிறப்புறுப்பை வெளியே இழுத்தும் பார்ப்பார்கள். சில இனங்களில் வித்தியாசமே அங்கேதான் இருக்கும். இதைப் படத்தில் எப்படிச் செய்வது?

ஏபிஸ் ஆண்ட்ரெனிஃபார்மிஸ் என்ற குட்டித் தேனீக்கு 1858-லேயே பெயர் வைத்தாயிற்று. ஆனாலும் நூறாண்டுக்கும் மேலாக அதைச் சிறு தேனீயான ஏபிஸ் ஃப்ளோரியாவோடு சேர்த்தே எண்ணி வந்தார்கள். ஆணின் பிறப்புறுப்பையும், பின்னங்காலில் கட்டைவிரல் போல நீண்டிருக்கும் பகுதியையும் ஒப்பிட்ட பிறகுதான், 1980-களில், இரண்டும் வேறு வேறு இனம் என்பது உறுதியானது.

அப்புறம் அந்த லேபிள். தேனீயைக் குத்தி வைத்திருக்கும் ஊசியில், அதற்குக் கீழே செருகியிருக்கும் நகம் அளவுக் காகிதத்தில் எங்கே, எந்தத் தேதியில், யார் பிடித்தது என்று பொடி எழுத்தில் இருக்கும். என் கணக்கில் பாதி மதிப்பு அந்தக் காகிதத்துக்குத்தான். அமெரிக்காவில் பம்பிள் தேனீக்கள் (ரோமம் அடர்ந்த பருத்த தேனீக்கள்) குறைந்து வருவதை 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. 73,000-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகப் பதிவுகளைப் புதிய கள ஆய்வோடு ஒப்பிட்டதால்தான் அது முடிந்தது. நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1950-க்கு முன் பிடித்த தேனீக்களின் உடலில் ஒட்டியிருந்த மகரந்தத்தை எடுத்து, அவை எந்தெந்தச் செடிகளை நாடின என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் செடிகள் அருகியதுதான் தேனீக்கள் அருகியதற்கும் ஒரு முக்கியக் காரணம் என்று 2014-ல் வெளியிட்டார்கள். அந்தத் தேனீக்களைப் பிடித்தவர்கள் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். இன்று ஒரே ஒரு காலிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்கள். நாளைக்கு என்ன எடுப்பார்களோ!

ஆஸ்திரேலியாவின் ஃபாரோஹைலியஸ் லாக்டிஃபெரஸ் என்ற தேனீக்கு 1923-க்குப் பிறகு பதிவே இல்லை. மொத்தம் கிடைத்திருந்தவையே ஆறுதான். 2021-ல் அது உயிரோடு இருக்கும் செய்தி வெளியானது. அந்த ஆறும் இல்லையென்றால், ஒன்று காணாமல் போயிருக்கிறது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. பூச்சி மாதிரிகள் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் போயின. ஓர் இனத்தின் பெயர் எதைக் குறிக்கிறது என்று தகராறு வந்தால் திரும்பிப் பார்க்கவேண்டிய மூல மாதிரிகளும் அதில் இருந்தன. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

தீ பிடித்தால் உலகமே பார்க்கிறது. இனங்களைப் பிரித்தறிந்து பெயரிடும் ஒரு வகைப்பாட்டியலாளர் ஓய்வு பெற்று, அந்த இடத்துக்கு ஆள் போடாமல் விட்டால் யாரும் பார்ப்பதில்லை. பெட்டி பத்திரமாக இருக்கும், திறந்து படிக்கத்தான் ஆள் இருக்காது. டிஜிட்டல் பதிவு நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் தவறாகப் பெயரிட்ட மாதிரியை ஸ்கேன் செய்தால் அந்தத் தவறுதான் உலகம் முழுக்கப் போகும்.

பணம் ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இது: மூத்தவர் பணியில் இருக்கும்போதே அடுத்தவரை நியமியுங்கள். குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளாவது இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த மாதிரிகளைப் பார்க்கட்டும்.