என் இலையைப் படம் எடுத்தவருக்கும், கீழே சிரித்தவர்களுக்கும்

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி, போதும், இனிமேல் அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணப் பந்தியில் எனக்குத் தெரியாமல் என் இலையைப் படம் எடுத்து, "வாயைக் கட்டத் துப்பில்லாதவங்க வயித்தை வெட்டிக்கிட்டாங்க" என்று எழுதிப் போட்டவர் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதற்குக் கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். சந்தோஷம். அவரோடு சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. (சரி, கொஞ்சம் அதற்கும்தான்.)

அங்கே திரும்பத் திரும்ப வந்த குற்றச்சாட்டு, நான் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு குறுக்கு வழியில் இளைத்துவிட்டேன் என்பது. நாங்கள் விடியற்காலையில் எழுந்து நடக்கிறோம், ராத்திரி பட்டினி கிடக்கிறோம், இவங்க பணத்தைக் கட்டிப் படுத்து எழுந்து வந்துட்டாங்க. ஐயா, அந்தப் படுத்து எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, மயக்கத்தில் கிடந்தேன். வேலை எல்லாம் அதற்கு அப்புறம். இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நான் இருக்கும்வரை நடக்கும்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாயாக ஸ்டேப்பிள் போட்டு மூடிவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் ஆரம்பத்தில் பசியே எடுக்காது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? பசியே இல்லாதவள் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே தள்ளியாக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ஒரு முழு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே எழுப்பி நடக்கவிட்டார்கள், காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக் கூடாதே என்று. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய வாயு தோள்பட்டையில் வந்து குத்துகிறது, ஒரு கையால் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் போய் வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இருமல் மருந்து பாட்டிலோடு வருமே பிளாஸ்டிக் மூடி, அதுதான் எனக்கு டம்ளர். வடிகட்டின பருப்புத் தண்ணீர் அதில். ஒரு வாய் குடி, காத்திரு, அப்புறம் இன்னொரு வாய். கொஞ்சம் அவசரப்பட்டால் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டு வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறும், வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு மூடி காலியாவதற்குள் அம்மா பார்க்கிற சீரியலில் இரண்டு தடவை விளம்பரம் வந்து போய்விடும்.

முதலில் தண்ணீராக, அப்புறம் மசித்து, அப்புறம் குழைய வைத்து என்று படிப்படியாக வந்து, சாதாரணச் சாப்பாட்டைத் தொடவே ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். அதன் பிறகும் சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் ஆக வேண்டும். இலையில் முதலில் முட்டை, மீன், பருப்பு, பனீர் என்று புரதம், அப்புறம் காய், இடம் இருந்தால்தான் சோறு. அன்றைக்குச் சைவப் பந்தி, அதனால் சுண்டலும் கூட்டும் மட்டும் போட்டுக்கொண்டேன். அந்த மகானுபாவர் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியது அந்தச் சுண்டலைத்தான்.

மாத்திரைகளைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, எல்லாம் ஆயுசுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் வரும் என்பதால் முதல் ஆறு மாதம் அதற்கு வேறு. மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. அது பிறகு வளர்ந்துவிடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், காலையில் தலையணையைப் பார்க்கும்போது டாக்டர் சொன்னது ஞாபகம் வராது. "என்னடி, சீக்குக்காரி மாதிரி ஆயிட்ட" என்று அப்போது கேட்டவர்களும் இதே கூட்டம்தான். இதுவா குறுக்கு வழி?

"நடந்தே இளைச்சிருக்கலாமே" என்பவர்களுக்கு. நடந்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றி எத்தனை வருஷம் நடந்தேன் என்று அங்கே இளநீர் விற்கிறவரைக் கேளுங்கள். கொள்ளு ரசம் குடித்தேன், பேலியோ டயட் இருந்தேன், ஜிம்முக்குப் பணம் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் இளைத்தேன், ஒவ்வொரு தடவையும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் டிவியில் எடை குறைப்புப் போட்டி நடத்தினார்களே, அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து 2016இல் ஒரு ஆய்வு வந்தது. பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறியிருந்தது, அப்படியும் அவர்கள் உடம்பு அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிடத் தினமும் சராசரியாக 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. உடம்பே எதிர்த்து நிற்கும்போது வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்றால்? ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, ஸ்லீவ் இல்லை, வேறு வகை எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவு என்று 2007இல் எழுதியிருக்கிறார்கள். இதை எல்லாம் சொன்னால் "கூகுள் டாக்டர்" என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

"ஆஸ்பத்திரிக்கு விளம்பரம் பண்றியா" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. எந்த ஆஸ்பத்திரி என்று இதுவரை நான் எழுதியதே இல்லை.

"2024இல் ஒரு பையன் செத்தே போனானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். புதுச்சேரி இளைஞர், சென்னையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இடத்தில் நடந்தது, அரசாங்கமே விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு என் அம்மா சாப்பிடவில்லை. அந்தப் பயம் நியாயமானது, அதைக் கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. செய்துகொள்ள நினைப்பவர்கள் மயக்க மருந்து வசதி, ஐசியு, அதற்கு அப்புறம் வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ள டயட்டீஷியன் எல்லாம் இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேளுங்கள். ஆனால் அந்தப் பையனின் சாவை எடுத்து வந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்துச் சிரிப்பதற்குப் பெயர் அக்கறை இல்லை. நாற்பது வயதுக்குள் சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சு அடைப்பு என்று நான் இருந்தபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது?

அம்மா ஒரு வேலை செய்தாள் அப்போது. தெருவில் கேட்டவர்களிடம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டாள். ஆப்பிள் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது, "பாவம், பத்திரமா பார்த்துக்கோ" என்று ஆறுதல் வந்தது. நிஜம் வெளியே தெரிந்ததும் எல்லாம் நின்று போனது. அதே வயிறு, அதே தையல். கர்ப்பப்பையில் கோளாறு வந்தால் அது விதி, குண்டாக இருந்தால் மட்டும் திமிர், கொழுப்பு, நாக்கு ருசி.

இந்தப் படம் எடுத்தவர் என் கல்யாணத்தன்று முதல் வரிசையில் உட்கார்ந்து "மணவறை தாங்குமா பாத்துக்கோங்கப்பா" என்றவர். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் கேட்டது. அன்றைக்குப் பந்தியில் அப்பளத்தை எடுக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது, எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று பார்ப்பார்களே என்று. இப்போது எவ்வளவு சாப்பிடவில்லை என்று பார்க்கிறார்கள். நான் எப்படி உட்கார்ந்து என்ன சாப்பிட்டால்தான் உங்களுக்குச் சம்மதம்? ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்கள்.

அப்புறம் அன்பாகத் திணிக்கிறவர்கள் ஒரு ரகம். "ஒரே ஒரு வாய் பாயசம், ஒண்ணும் ஆகாது" என்பீர்கள். எனக்கு ஆகும் அத்தை. வியர்த்துக் கொட்டி, படபடப்பு வந்து, மண்டபத்துப் பாத்ரூமில் உட்கார்ந்திருக்கப் போவது நான்தான். வேண்டாம் என்றால் உங்களை மதிக்கவில்லை என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

இதற்கும் கமெண்டில் வருவார்கள், தெரியும். பதில் சொல்லப் போவதில்லை.

ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டும். "ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம் அக்கா, வாந்தி நிக்கவே இல்ல, டாக்டரைத் தொந்தரவு பண்ண வேணாம்னு பாக்கிறேன்" என்று நேற்று ராத்திரி இன்பாக்ஸில் எழுதிய பெண்ணே, பதில் போட்டிருக்கிறேன், நீ பார்க்கவில்லை, அதனால் இங்கேயும் எழுதுகிறேன். அது சாதாரணம் இல்லை. வாந்தி தொடர்ந்தால் வைட்டமின் பி1 குறைந்து மூளை வரைக்கும் பாதிக்கும். காய்ச்சலோ நெஞ்சு படபடப்போ இருந்தால் தையல் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். எனக்கு மெசேஜ் போடாதே, டாக்டருக்கு போன் போடு. எடுக்கவில்லை என்றால் நேரே கேஷுவாலிட்டிக்குப் போ. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது.