604-ஐக் கவிழ்த்தது மத்திய அலை

டர்பனில் தமிழுக்கென்று தனி வானொலி வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அறிவிப்பாளர் யார், எந்தக் காலத்துப் பாட்டு, பக்தி எத்தனை மணி நேரம் என்றே விவாதம் ஓடுகிறது. டிரான்ஸ்மிட்டரை எங்கே நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை. இதே கரையோரத்தில் நல்ல நிலையம் ஒன்று நலிந்து மூடிப்போனதற்கு அந்த ஒரு கேள்விதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். காப்பிட்டல் ரேடியோ 604-ஐத்தான் சொல்கிறேன்.

1979 டிசம்பர் 26 அன்று டிரான்ஸ்கையின் போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து அது ஒலிக்கத் தொடங்கியது. அன்று தென்னாப்பிரிக்காவில் வானொலி என்றால் அரசு ஒலிபரப்புக் கழகமான எஸ்.ஏ.பி.சி. மட்டும்தான். விளம்பரத்தில் ஓடிய ஸ்பிரிங்பொக் ரேடியோவும் (1950), நேட்டாலுக்கான ரேடியோ போர்ட் நேட்டாலும் (1967) அதன் பிள்ளைகளே. டிரான்ஸ்கையோ 1976-ல் பிரிட்டோரியாவின் நிறவெறி அரசு “சுதந்திரம்” கொடுத்து ஒதுக்கிவிட்ட பகுதி. உலக நாடுகள் எதுவும் ஏற்காத அந்தச் சுதந்திரத்தின் பேரில்தான் தனியாருக்கு உரிமம் கிடைத்தது. நிறவெறி ஆட்சி போட்ட பொய்க் கோட்டின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எஸ்.ஏ.பி.சி. சொல்லாத செய்திகளை அந்த நிலையம் சொன்னது. அந்தப் பெருமையை அதனிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

ஆனால் கிடைத்தது மத்திய அலை (ஏ.எம்.). 604 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் ஏறக்குறைய 497 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 124 மீட்டர் உயரக் கோபுரம் வேண்டும். பண்பலையில் (எஃப்.எம்.) கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டுவார்கள். மத்திய அலையில் கோபுரமே ஆன்டெனா. அடியில் பீங்கான் இன்சுலேட்டர், அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால் போல மண்ணுக்குள் புதைத்த செப்புக் கம்பிகள். வழக்கமாக 120 கம்பி. அந்தச் செம்பைத் திருடர்கள் தோண்டி எடுத்துவிட்டால், டிரான்ஸ்மிட்டர் எத்தனை கிலோவாட் தந்தாலும் பாதி மண்ணைச் சுடவே போகும்.

பகலில் இந்த அலை தரையைத் தழுவிக்கொண்டு போகும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவது காய்ந்த தரையைவிட ஆயிரம் மடங்குக்குமேல் என்பதால், கடலோரமாகப் போகும் அலைக்கு இழப்பு குறைவு. போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து டர்பன் நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தாண்டி, டர்பன் பக்கத்து மெரிபேங்கிலும் டொங்காட்டிலும் பகலில் கேட்டதற்குக் கடல்தான் கைகொடுத்தது.

பொழுது சாய்ந்தால் கதை மாறிவிடும். மத்திய அலையைப் பகலில் விழுங்கிவிடும் வான்மின் அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைகிறது. அலை மேலே போய்த் திரும்பித் தரைக்கு வருகிறது. ஜோஹானஸ்பர்க் போன்ற தூர ஊர்களுக்கு அது வரம். டர்பன் தூரத்தில் அதுவே வினை. தரையலையும் வான்வழி வந்த அலையும் ஏறத்தாழச் சம பலத்தில் மோதும். ஒன்றை ஒன்று கூட்டும், சற்று நேரத்தில் அழிக்கும். பாட்டு நடுவில் தேயும், குழறும், திரும்ப வரும். ரேடியோவைத் திருப்பி வைத்தால் உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு கரகரப்பைக் குறைக்கும். இந்தத் தேய்மானத்தை ஒன்றும் செய்யாது.

ஒலியின் தரமும் அப்படித்தான். மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. சாதாரண ரேடியோவில் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி தங்காது. பண்பலையிலோ 15 வரை வரும், ஸ்டீரியோவாக. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை மத்திய அலையில் கேட்டுப் பாருங்கள். தவிலின் தொப்பிப் பக்கம் கனமாகக் கேட்கும், வலந்தலையின் கூர்மை மழுங்கியிருக்கும். ஜால்ராவின் கணீர் போய் வெறும் தட்டல்தான் மிஞ்சும். பாட்டையே நம்பிய நிலையம், பண்பலையில் வந்த போர்ட் நேட்டாலோடு இதை வைத்துக்கொண்டுதான் போட்டி போட்டது. தோற்காமல் எப்படி?

ரேடியோ 702 நிலையத்தைப் பாருங்கள். 1980-ல், டிரான்ஸ்கை போலவே “சுதந்திரம்” தரப்பட்ட பொஃபுதட்ஸ்வானாவிலிருந்து அதே வழியில், அதே மத்திய அலையில் வந்தது. ஆனால் ஜோஹானஸ்பர்க் அதற்கு அருகில். 1988-ல் பாட்டை விட்டுப் பேச்சுக்கு மாறியது. மனிதக் குரல் புரிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் போதும். மத்திய அலை அதைத் தாராளமாகத் தரும். அலைக்கு ஏற்றதைக் கொடுத்தார்கள், இன்றும் நிற்கிறார்கள்.

நம் வீடுகளில் 1983 ஜனவரி 8 முதல், இந்தியர்களுக்கான எஸ்.ஏ.பி.சி. நிலையமான ரேடியோ லோட்டஸ் வந்துவிட்டது. 1994-ல் டிரான்ஸ்கை நாட்டோடு இணைந்தது. 1996-ல் எஸ்.ஏ.பி.சி. ஆறு நிலையங்களைத் தனியாருக்கு விற்றது; பழைய போர்ட் நேட்டால் ஈஸ்ட் கோஸ்ட் ரேடியோவாகத் தன் பண்பலையோடு கைமாறியது. அதே ஆண்டு நவம்பரில் 604 மௌனமானது.

இனி நம் வானொலி. பண்பலை என்றால் எல்லாம் சரியாகிவிடாது, அதற்கு நேர்ப்பார்வை வேண்டும். கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள்; அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 மீட்டருக்கு 22 கிலோமீட்டர் சொச்சம், அதுவும் தடையில்லாத வெளியில். நம்மவர்கள் வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். மேட்டின் மறுபக்க வீட்டில் சத்தம் சிதறும். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். அந்தப் பணத்தை உயரத்தில் போடுங்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்கு ஏறும் 30 மீட்டர் ஆர்.ஜி. 213 கேபிள் சுமார் 2 டெசிபெல்லைத் தின்றுவிடும். 100 வாட் ஏற்றினால் 63 சொச்சம்தான் மேலே போய்ச் சேரும். நம் ஊர் உப்புக்காற்று கனெக்டரை அரிக்கும், மழைநீர் கேபிளுக்குள் இறங்கும், அலை திரும்பி வந்து பவர் டிரான்சிஸ்டரைச் சுடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றினால் இது பெரும்பாலும் தவிரும்.

அடுத்த கூட்டத்துக்குப் பாட்டுப் பட்டியலோடு 1:50,000 நில வரைபடத்தையும் கொண்டு வாருங்கள். அதில் 20 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு இருக்கும். கோபுரம் நிற்கப்போகும் மேட்டிலிருந்து ஒவ்வொரு கோயிலுக்கும் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுங்கள். நடுவில் எந்த மேடு குறுக்கே வருகிறது என்று முதலில் பார்ப்போம்.