உடல் கடிகாரம் சாக்கு அல்ல

இரவுப் பணி முடிந்து வந்து பகலில் தூங்க முடியவில்லை என்று சமூக வலைத்தளத்தில் எழுதியவரை நேற்று என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "உடல் கடிகாரம் என்பதெல்லாம் சோம்பேறிகளின் சாக்கு" என்று அவருக்கு ஒருவர் பதிலாக எழுதிய வரிக்குக் குவிந்த விருப்பக்குறிகளைக் கண்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று உடலுக்குள்ளிருந்தே நேரம் காட்டும் அந்த உடல் கடிகாரம் சாக்கு அல்ல. 1729-இல் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இருட்டில் வைத்த தொட்டாற்சிணுங்கி, வெயிலையே காணாமல் பகலில் இலை விரித்து இரவில் மூடியது. 1971-இல் கோனாப்கா, பென்சர் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரே மரபணுவில் நேரும் மாற்றங்கள் பழ ஈயின் ஒரு நாள் சுழற்சியை 19 மணி நேரமாகச் சுருக்கவும் 28 மணி நேரமாக நீட்டவும் வல்லவை என்று காட்டினார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதம் இரவில் செல்லுக்குள் சேர்ந்து, தன்னை உருவாக்கிய மரபணுவையே அடக்கி, பின்னர் சிதைந்துபோக, உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. இதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூளையே இல்லாத நீலப்பச்சைப் பாக்டீரியாவுக்கும் கடிகாரம் உண்டு. இவற்றில் எதைச் சோம்பேறி என்பீர்கள்?

நானும் இரவுப் பணி பார்த்தவன். ஜன்னலைக் கனத்த போர்வையால் மறைத்து, காதில் பஞ்சு அடைத்துப் படுத்தாலும், நடுப்பகலில் உடம்பு சூடேறி விழிப்பு வந்துவிடும். கண் எரியும், தூக்கம் திரும்பாது. "மனசு வைத்தால் தூங்கலாம்" என்றார் மேலாளர். அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது. மூளையின் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கடிகாரமாகச் சேர்ந்து உடல் வெப்பத்தையும் விழிப்பையும் பகலுக்கென்று ஏற்றிக்கொண்டிருக்கும்போது, மனசு மட்டும் என்ன செய்யும்?

பழகினால் சரியாகிவிடும் என்பீர்கள். பெரும்பாலானோருக்கு முழுதாகப் பழகுவதே இல்லை. வீடு திரும்பும் வழியில் கண்ணில் படும் காலை வெளிச்சமே கடிகாரத்தை மீண்டும் பகலோடு கட்டிவிடுகிறது. செவிலியர்களும் காவலர்களும் விழித்திருக்கவில்லையா என்பீர்கள். விழித்திருக்கிறார்கள், உடலை விலையாகக் கொடுத்து. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் 2019-இலும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது எதற்காக? கைபேசியோடு விடிய விடிய விழித்திருப்பவர்களும் உண்டுதான். அவர்களைக் காட்டி இவரை அடிப்பது என்ன நியாயம்?

பிறர் உறங்கும் நேரத்தில் உழைத்துவிட்டு வந்த மனிதர், தன் உடல் படும் பாட்டைச் சொன்னதற்காகக் கூனிக்குறுகிப் பதிவை நீக்கிவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க மனம் வராவிட்டால், அந்த வரியையாவது, அதை எழுதிய நீங்கள் நீக்குங்கள்.